கேட்டவர்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்குத் தலைவலி வருகிறது என்று போன மாதம் எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

ஒரு சேதி. உங்கள் ஆஸ்பத்திரிக்கு டிரிப்ஸ் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் செய்கிற வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது. பாட்டில் காலியாகப் போகிறது, குழாயில் அடைப்பு, நோயாளி மணியை அழுத்திவிட்டார் என்று எல்லாமே நர்ஸ் மேசையில் உள்ள திரைக்கு வந்துவிடும். முதலில் வைத்துப் பார்க்க உங்கள் நிர்வாகம் கொடுத்திருப்பது ஆபரேஷன் முடிந்தவர்கள் படுக்கிற வார்டு. அதாவது உன் வார்டு! தலைமை நர்ஸ் என் கூடப்பிறந்தவள் என்று மேலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு, திட்டணும்னா தயங்கமாட்டாங்க" என்றார்.

என் வேலை உனக்குத் தெரியும். சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதுவது. தேவை ஆவணம் என்று பெயர். வரிக்கு ஓர் எண், பக்கத்தில் மூன்று கட்டம்: கேட்டவர், காரணம், சோதிக்கும் விதம். அதை முழுசாக எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மற்ற வேலை என்பது மேலாளர் கட்சி. எங்கள் புரோகிராமருக்கு அலுவலகத்தில் மின்னல் என்று பெயர். அவன் வேறு கட்சி. "பேப்பரை எவன் படிக்கிறான்? செஞ்சு காட்டுவோம், பிடிக்கலைன்னா மாத்துவோம்" என்பான். இரண்டு மணி நேரம் சண்டை போட்டு இரண்டும் வேண்டும் என்று வாங்கிவிட்டேன். ஒரு மாதிரி செய்து காட்டுவோம். அதில் தெரிய வந்ததை ஆவணத்தில் எழுதுவோம். எழுதியதை வைத்து அடுத்த மாதிரி. மாதிரியை எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். வரியை அப்படித் தூக்கிப் போட முடியாது. ஏன் அடித்தோம் என்று எழுதிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஜூன் கடைசிக்குள் ஆவணத்தில் கையெழுத்தாக வேண்டும்.

பார்சலில் இருப்பது முதல் மாதிரி. சிரிக்காதே, வெறும் காகிதம்தான். திரையில் என்ன தெரியும் என்று அட்டையில் வரைந்திருக்கிறேன். உன்னையும் சேர்த்து மூன்று நர்ஸ்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு தாள் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. தலைமை நர்ஸ் உட்பட.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் வாலு


பிப்ரவரி 17

அன்பு வாலுவுக்கு,

இங்கே யாவரும் நலம். தலைவலி போன இடம் தெரியவில்லை. அத்தான் நீ அனுப்பிய அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு இன்னும் படம் வரையற பழக்கம் போகலையா?" என்று கேட்டார்.

மூன்று உறைகளும் இதோடு வருகின்றன. என்னுடையதில் உள்ளதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்கு மனசு ஆறும். இருபத்து நான்கு படுக்கை வரைந்திருக்கிறாய். எங்களிடம் இருப்பது இருபத்து மூன்று. பதின்மூன்றாம் எண் கிடையாது, யாரும் அதில் படுக்க ஒப்புக்கொள்வதில்லை என்று எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் படுக்கை எட்டுக்குப் பக்கத்தில் இல்லை. மேலே கூரை ஒழுகியதால் கதவோரம் தள்ளினோம், அங்கேயே நிலைத்துவிட்டது. நீ வரைந்த பொத்தான்கள் கடுகு போல இருக்கின்றன. நாங்கள் கையுறையோடு அழுத்துகிறவர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், திரையைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறாய், அதைப் பார்த்தால் வார்டுக்கு முதுகு. நர்ஸ் வார்டைப் பார்த்து உட்கார வேண்டும், வாலு. எனக்கு முகங்கள் தெரிய வேண்டும்.

காகிதத்திலேயே இத்தனை பிழை பிடிபட்டது உனக்கு லாபம்தானே? பெட்டியாகச் செய்து கொண்டுவந்து வைத்திருந்தால், பாவம் என்று சும்மா இருந்திருப்போம்.

நீ இரண்டு முறை ஃபோன் செய்திருக்கிறாய். எடுக்கவில்லை, மன்னித்துக்கொள். வார்டில் ஃபோனைத் தொட விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பில்லை. கடிதமே எழுது. நின்று நிதானமாகப் படிக்கலாம்.

அம்மாவைப் படி ஏற விடாதே.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்த அன்று எனக்கு அலுவலகத்தில் ராஜ மரியாதை. பதினேழு வரிகள் திருந்தின, ஆறு புது வரிகள் பிறந்தன. எங்களிடம் ஆவணங்களைச் சரிபார்க்கிற ஒரு மூத்தவர் இருக்கிறார். காற்புள்ளி ஐயா என்போம். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் பதின்மூன்றாம் படுக்கைக்காக ஒரு முழு நாள் உட்கார்ந்தார். "இல்லாத படுக்கைன்னு எழுதினா, இருக்கற படுக்கை ஒண்ணு காணாம போச்சுன்னு நெனச்சுக்குவாங்கம்மா" என்று சொல்லி, கடைசியில், 'படுக்கை எண்களை வார்டே வைத்துக்கொள்ளும், வரிசையையும் வார்டே மாற்றிக்கொள்ளும்' என்று எழுத வைத்தார். பார், உன் ஒரு புகாரில் எல்லா வார்டுக்கும் விடிவு.

இரண்டாவது மாதிரி இந்தப் பார்சலில். இது வேலை செய்கிற டேப்லெட். பொத்தான்கள் கட்டைவிரல் அகலம், திரையைப் பார்க்கும்போதே பின்னால் வார்டும் தெரியும். பாட்டில் தீரப் போனால் ஓர் ஒலி, அடைப்புக்கு ஓர் ஒலி, நோயாளி மணியை அழுத்தினால் ஓர் ஒலி. உள்ளே பொய்த் தகவல்தான் ஓடும், நிஜ நோயாளி யாரும் இதை நம்பிப் படுத்திருக்க வேண்டாம்.

அம்மா உன்மேல் குறைப்படுகிறாள். "ஃபோனை எடுக்கவே மாட்டேங்குறா. எடுத்தாலும் சரிம்மா, சரிம்மான்னு ரெண்டு வார்த்தை. என்ன கேட்டாலும் சரிம்மாதான். கால் வலிக்குதுடின்னேன், அதுக்கும் சரிம்மாங்கறா. எம்மேல ஏதோ கோவம்" என்கிறாள். அப்படி ஏதாவது இருந்தால் என்னிடமாவது சொல்.

எல்லோருக்கும் என் அன்பு.

வாலு


மார்ச் 24

அன்பு வாலுவுக்கு,

நலமே. நீங்களும் அவ்விதமே இருக்க வேண்டும்.

டேப்லெட் அனுப்புகிறேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, பார்சலில் மாத்திரை வருகிறது என்று அத்தான் காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரிக்கு மாத்திரை அனுப்புகிற தங்கை உலகத்திலேயே நீ ஒருத்திதானாம்.

பொத்தான்கள் அருமை. கதவோரப் படுக்கை கதவோரத்திலேயே இருக்கிறது. மணி எத்தனை நேரமாக அடிக்கிறது என்று திரையில் எண் ஓடுகிறதே, அதைச் செய்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

ஒலிதான் போதாது. என்னைக் கேட்டால் ஒலியே இல்லை. நான் வைத்துப் பார்த்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை, திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒலியை நம்பாதீர்கள். மேசைமேல் ஒரு விளக்கு வையுங்கள். பெரிதாக, எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற மாதிரி. வேண்டும் என்று இரண்டு தடவை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

மற்ற இரண்டு உறைகளை நான் பிரிக்கவில்லை. உன் சட்டப்படி.

அம்மாவிடம் எனக்கு என்ன கோபம்? வேலை அதிகம், அவ்வளவுதான். அவளிடம் அப்படியே சொல்லிவிடு.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அம்மா இப்போது கீழ் அறையில் படுக்கிறாள்.

உறைகளைப் பிரித்தோம். இரண்டு பேர் 'ஒலி காதைத் துளைக்கிறது, குறையுங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். நீ ஒருத்தி மட்டும் ஒலியே இல்லை என்கிறாய். மின்னல், "மூணுல ரெண்டு பேருக்குக் கேக்குதுன்னா கேக்குதுதான். அடுத்த வேலையைப் பாப்போம்" என்றான். காற்புள்ளி ஐயா விடவில்லை. "ஒருத்தங்களுக்கு ஏன் கேக்கலைன்னு தெரியாம அந்த வரியை மூடக் கூடாது" என்று பென்சிலால் வட்டம் போட்டுவிட்டார். அதனால் கேட்கிறேன். அன்று நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்? டேப்லெட்டின் வாயை ஏதாவது மூடியிருந்ததா? எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதிவிடு.

விளக்கு விஷயத்தில் மேலாளர் தயங்குகிறார். விளக்கு தனிப் பொருள், மின் இணைப்பு வேண்டும், உங்கள் மராமத்துப் பிரிவின் அனுமதி வேண்டும். ஒலியை மாற்றிச் சரியாகிவிட்டால் விளக்கு எதற்கு என்கிறார். ஆகவே மூன்றாவது மாதிரியில் ஒலியின் கூர்மையைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். உன் பதிலைப் பொறுத்துத்தான் விளக்கு வரி நிற்கும் அல்லது போகும்.

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். கட்டி அனுப்புகிறேன்.

வாலு


ஏப்ரல் 22

அன்பு வாலுவுக்கு,

இங்கே அனைவரும் நலம்.

மூன்றாவது மாதிரி கிடைத்தது. ஒலி இப்போது நன்றாகக் கேட்கிறது. போன தடவை நான் ஏதோ கவனக் குறைவாக இருந்திருக்கிறேன். விளக்கு அவசியமில்லை. அந்த வரியை அடித்துவிடலாம்.

உறைகள் மூன்றும் இணைப்பில்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. எந்த மாதிரி வெளியே போனாலும், அதற்கு முன் காற்புள்ளி ஐயா ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பார். அது நானே போட்ட விதி. மூன்றாவது மாதிரியை, கூரியர் போய்விடுமே என்று, அவரிடம் காட்டாமல் அனுப்பினேன். மின்னல் பழைய ஒலிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேர்க்க மறந்திருக்கிறான். அந்த டேப்லெட்டில் ஒலியே கிடையாது, அக்கா. ஒன்றுகூட.

மற்ற இரண்டு பேரும் 'சத்தமே வரவில்லை, பழுதா?' என்று எழுதியிருக்கிறார்கள். உன் தாளில், 'தெளிவாகக் கேட்கிறது' என்று இருக்கிறது.

உன் தாளை நான் இன்னும் ஆவணத்தில் சேர்க்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. விளக்கு வரியையும் அடிக்கவில்லை.

உன்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் படிப்பேன்.

வாலு


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாயிற்று. உன் கையெழுத்துள்ள உறை வருகிறதா என்று அம்மாவும் நானும் தபால் பெட்டியை மாற்றி மாற்றித் திறக்கிறோம். அத்தானுக்கு ஃபோன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கா. எழுதுவா. கொஞ்சம் விட்டுப்பிடி" என்றார். அவர் குரலில் கலக்கம் இல்லை. அதனால்தான் பஸ் ஏறாமல் இருக்கிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நேற்று மேலாளர் கூப்பிட்டார். ஆவணத்தில் மற்ற வரிகள் எல்லாம் முடிந்துவிட்டன, விளக்கு வரி ஒன்றுதான் திறந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்றார். மூன்றாவது சோதனையில் ஒரு தாள் பாக்கி என்றேன். மின்னல் கூடவே இருந்தான். வெளியே வந்ததும், "அக்கா தாள்தானே? கிழிச்சுப் போட்டுட்டு ரெண்டு பேரு பாத்தாங்கன்னு எழுதுங்க. யாரு வந்து எண்ணப் போறா?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு உதவத்தான் சொன்னான்.

கிழிக்க மாட்டேன். பொய் என்று தெரிந்த தாளைச் சேர்க்கவும் மாட்டேன். மார்ச்சில் நீ எழுதிய தாள் இருக்கிறது. விளக்கு வேண்டும் என்று இரண்டு தடவை அடிக்கோடிட்டது. அதுதான் நிஜமான தாள் என்று நினைக்கிறேன். மேலாளரிடம் திரும்பிப் போய் ஆறு வாரம் அவகாசம் கேட்டேன். "என்ன காரணம்னு எழுதறது?" என்றார். "நான் செக் பண்ணாம அனுப்பின மாதிரி. தப்பு என்னுது. அப்படியே எழுதுங்க" என்றேன். முகத்தைச் சுளித்தார். ஆனாலும் எழுதினார்.

ஆகவே இப்போது அவசரம் எதுவும் இல்லை. உனக்குச் சௌகரியப்படும்போது எழுது. நான் வர வேண்டும் என்றால் ஒரே ஒரு சொல் போதும்.

வாலு


ஜூன் 21

என் வாலுவுக்கு,

உன் மே மாதக் கடிதத்தை ஏழு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

எனக்குக் காது கேட்பது குறைந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் வலது காது, பிறகு இடது. கூர்மையான ஒலிகள்தான் முதலில் போயின. கடிகார அலாரம், குக்கர் விசில், பிறகு வார்டு மணி. ஆண் குரல்கள் இன்னும் ஓரளவு கேட்கின்றன. பெண் குரல்களுக்கு உதட்டைப் பார்க்க வேண்டும். எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டால் நான் செவிடுதான். ஃபோனில் உதடு ஏது? அம்மா என்ன கேட்கிறாள் என்று தெரியாமல்தான் எல்லாவற்றுக்கும் சரிம்மா என்றேன்.

வார்டில் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பாய். மேசையை வார்டைப் பார்த்துத் திருப்பினேன். அரை மணிக்கு ஒரு தடவை எல்லாப் பாட்டிலையும் நடந்து போய்ப் பார்ப்பேன். 'நம்ம சிஸ்டர் மாதிரி சுத்திச் சுத்தி வர்றவங்க யாரும் இல்ல' என்று எனக்கு நல்ல பெயர்கூட வந்தது. அந்தப் பெயரில் நானும் கொஞ்சம் மயங்கிவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு நாள் பிற்பகல், நீ அனுப்பிய மூன்றாவது மாதிரி மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே நிஜ மணிப் பலகையும் இருக்கிறது. நான் குனிந்து மருந்துப் பதிவு எழுதுகிறேன். யாரோ தோளைத் தொட்டார்கள். பதினேழாம் படுக்கைக்காரரின் மனைவி. "எவ்வளவு நேரமா மணி அடிக்கிறேன் சிஸ்டர், ஏன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறீங்க?" என்று அழுதுகொண்டே சொன்னாள். அவள் உதடு துடித்ததால் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. போய்ப் பார்த்தால் பாட்டில் காலி, குழாயில் ரத்தம் மேலே ஏறி நிற்கிறது. சரிசெய்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எது வேண்டுமானாலும் அடுத்த நர்ஸிடம் போய்க் கேட்டாள்.

அதற்கு மறுநாள்தான் உனக்கு 'தெளிவாகக் கேட்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் உனக்கு மட்டும் கேட்கவில்லை என்று நீ எழுதியிருந்தாய். பயந்துவிட்டேன். இருபத்து இரண்டு வருடம் வார்டில் நின்றவளைக் கொண்டுபோய்ப் போர்வை எண்ணுகிற கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம். என் பயத்துக்காக விளக்கையே வேண்டாம் என்று எழுதினேன் பார், அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

உன் கடிதம் வந்த பிறகு அத்தானிடம் சொன்னேன். "தெரியும். நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். இரண்டு வருடமாக என் முகத்துக்கு நேராக வந்து நின்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். நான் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! இருவருமாகக் காது டாக்டரிடம் போனோம். கருவி வைத்தால் பேச்சு ஓரளவு தெளியும், உயர்ந்த ஒலிகள் திரும்பி வராது என்றார். போன திங்கட்கிழமை மேட்ரன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பதினேழாம் படுக்கை உட்பட. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார். அப்புறம் திரும்பி வந்து, எனக்கு நேராக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மெடிக்கல் போர்டுக்கு அனுப்பித்தான் ஆகணும். அதுவரைக்கும் நீ தனியா டியூட்டி பாக்கக் கூடாது, கூட ஒருத்தி இருப்பா. ஆனா வார்டுலயே இரு." அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இனி உன் வேலைக்கு வருகிறேன். என் ஏப்ரல் தாளை ரத்து செய். கிழிக்காதே, காரணத்தை எழுதி அடி. விளக்கு வரியை நானே எழுதித் தருகிறேன். நீ எழுதினால் பாவம் பார்த்து எழுதுவாய்.

'எச்சரிக்கை எதுவாயினும், மேசையில் இருப்பவருக்கு ஒலி கேட்காத நிலையிலும், அது பத்து வினாடிக்குள் தெரிய வேண்டும். காரணம்: பார்வையாளர் நேரத்திலும், தரை கழுவும் எந்திரம் ஓடும்போதும் வார்டில் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை, நர்ஸ்களில் சிலருக்கு எப்போதுமே கேட்பதில்லை. சோதிக்கும் விதம்: இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்காரச் செய்க.'

முதுகைக் காட்டி உட்கார்ந்தால் விளக்கும் தெரியாது. கையில் கட்டிக்கொண்டு அதிர்கிற பட்டை ஏதாவது இருக்கிறதா என்று உன் மின்னலைக் கேள்.

அம்மாவிடம் நீ சொல்லாதே. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு உன் கடிதம் வந்தது. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தாள். "எம்மேல கோவம் இல்லையாடி அவளுக்கு?" என்றாள். இல்லைம்மா என்றேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அப்போ எங்கால் வலி அவளுக்குத் தெரியவே தெரியாதா? பேப்பரைக் குடு, எழுதறேன்" என்றாள். எட்டுப் பக்கம். தனி உறையில் வருகிறது. பாதியில் நிறுத்தாமல் படி.

உன் வரியை நான் தட்டெழுதி, யார் எழுதியது என்று சொல்லாமல் காற்புள்ளி ஐயாவிடம் கொடுத்தேன். பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "இதுல திருத்த ஒண்ணும் இல்லையேம்மா. யாரு எழுதினது? நம்ம ஆபீஸ்ல இப்படி எழுதற ஆள் யாரு?" என்றார். பதினொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூட வாங்காத சொல் அது. பொறாமையாக இருக்கிறது.

நான்காவது மாதிரியில் விளக்கும் இருக்கிறது, பட்டையும் இருக்கிறது. நீ சொன்ன விதத்திலேயே அலுவலகத்தில் சோதித்தோம். மேலாளர் தானே முன்வந்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதலில் ஒலி மட்டும். நாற்பது வினாடி அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அத்தனை பேரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து பட்டை. நாற்காலியோடு துள்ளிவிட்டார். பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, "விளக்கும் வேணும், பட்டையும் வேணும். மராமத்துப் பிரிவுக்கு நானே லெட்டர் எழுதறேன்" என்றார். சாயங்காலம் மின்னல் என் மேசைக்கு வந்து, "அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன்ல, அதை மறந்துடுங்க" என்றான். அடுத்த மாதிரிகளை ஆவணத்தோடு வைத்துப் பார்ப்பது இனி அவன் வேலையாம், அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

இந்த நான்காவது மாதிரி போன தடவை போல அவசரமாகக் கிளம்பவில்லை. காற்புள்ளி ஐயா மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்ட பிறகுதான் கட்டினேன். கூரியர்காரர் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனார்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. உன் வரிக்குப் பக்கத்தில், கேட்டவர். 'நர்ஸ்களில் ஒருவர்' என்று போட்டாலே போதும், விதிக்கு அது சரிதான். இந்த ஆவணம் உங்கள் நிர்வாகத்தின் மேசைக்குப் போகும், அதன் பிறகு எத்தனையோ பேர் புரட்டுவார்கள். யோசித்துச் சொல். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

மெடிக்கல் போர்டு என்றைக்கு?

வாலு


ஆகஸ்ட் 5

அன்பு வாலுவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் எட்டுப் பக்கத்தையும் படித்தேன். ஏழாம் பக்கம் வரை திட்டு, எட்டாம் பக்கத்தில் முத்தம். முழங்காலுக்கு மாத்திரை எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறேன். நிஜ மாத்திரை.

போர்டு போன வியாழக்கிழமை கூடியது. மூன்று டாக்டர்கள். ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றாமலே கேள்வி கேட்டார். "கழட்டிட்டுக் கேளுங்க டாக்டர், இல்லைன்னா எனக்குப் பதில் தெரியாதுன்னு எழுதிடுவீங்க" என்றேன். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். தீர்ப்பு இதுதான்: வார்டில் தொடரலாம். விளக்கும் பட்டையும் வந்து ஆறு மாதம் வரை கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை நான் தொடக் கூடாது, ரத்த அழுத்தம் எந்திரத்தில்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போது என்ன சொல்வார்களோ தெரியாது. தெரியாததற்கு இப்போதே பயப்படுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஸ்டெதஸ்கோப்பைக் கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

அந்தக் கட்டத்தில் இப்படிப் போடு: 'தலைமை நர்ஸ், அறுவைச் சிகிச்சை வார்டு; செவித்திறன் குறைந்தவர்.' முழுதாகப் போடு, சுருக்காதே. கேட்காதவள் கேட்டாள் என்று எழுதினால் உன் காற்புள்ளி ஐயா பென்சிலை எடுத்துவிடுவார். யாரோ ஒருவர் என்று போட்டால், நாளைக்கு எவராவது செலவு குறைக்க வந்து, அந்த யாரோ எங்கே என்று தேடி, இல்லை என்று சொல்லி வரியை அடித்துவிடுவார். நான் இருக்கிறேன். வந்து என்னிடம் கேட்கட்டும்.

நேற்று நான்காவது மாதிரியை வார்டில் வைத்துப் பார்த்தோம். உன் ஆட்கள் இருவர் வந்திருந்தார்கள். அதில் ஒல்லியாக, நிற்காமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர்தான் மின்னல் என்று சொல்லாமலே புரிந்தது. பார்வையாளர் நேரம், ஐம்பது பேர் பேசுகிற கூச்சல். நாங்கள் மூன்று நர்ஸ்களும் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில், அவரவர் வேலையில் இருந்தோம். எப்போது அடிக்கும் என்று யாருக்கும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் படுக்கையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் அதிர்ந்தது. நிமிர்ந்தால் மேசைமேல் விளக்கு, திரையில் இருபத்தோராம் படுக்கை. கட்டின் முனையை அந்தப் பெண்ணின் கையிலேயே பிடிக்கக் கொடுத்துவிட்டு நடந்தேன். போய்ச் சேர்ந்து பாட்டிலைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மற்ற இருவரும் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மணி அடித்ததிலிருந்து நான் கிளம்பியது வரை எவ்வளவு என்று மின்னல் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஏழு வினாடி.

அக்கா